சத்தம் போடாத கேமிங் கம்ப்யூட்டர்: முதல் முறை பாகம் வாங்கிப் பூட்டப் போகிறவர்களுக்கு

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் என்று எல்லையை ஒட்டிய ஏதோ ஓர் ஊரில் இருக்கிறீர்கள். முதல் முறையாக ஒரு கேமிங் கம்ப்யூட்டரைப் பாகம் பாகமாக வாங்கி நீங்களே பூட்டப் போகிறீர்கள். ராத்திரி அதே அறையில் தூங்குபவரை அது எழுப்பிவிடவும் கூடாது. அப்படியென்றால் இது உங்களுக்காக எழுதியதுதான்.

இணையத்தில் தகவலுக்குப் பஞ்சமில்லை. ஆனால் பெரும்பாலானவை குளிரான நாட்டிலோ ஏசி அறையிலோ சோதித்துச் சொன்னவை. சித்திரை வெயிலில் நம் அறையில் அதே பாகம் எப்படி ஓடும், கடை கோயம்புத்தூரிலும் வீடு கேரளாவிலும் இருந்தால் பில் எப்படி வாங்க வேண்டும், வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டலாமா என்பதெல்லாம் துண்டு துண்டாகத்தான் கிடைத்தன. நான் அலைந்து சேர்த்ததை வாங்கும் வரிசையிலேயே சொல்கிறேன்.

ஒரு விஷயத்தை மட்டும் முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஃபேன் சுற்றுவது சூட்டை வெளியே தள்ளத்தான். சூடு குறைந்தால் ஃபேன் மெதுவாகச் சுற்றும், சத்தமும் குறையும். அதனால் நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது வாட். அடுத்தது காற்று போகும் வழி. எந்தக் கம்பெனி ஃபேன் என்பதெல்லாம் அதற்கப்புறம்.

1. அறையையும் மானிட்டரையும் முதலில் பாருங்கள்

பாகங்களின் சோதனைகளை அநேகமாக 21, 22 டிகிரி அறையில் செய்கிறார்கள். அங்கே ஒரு ப்ராசஸர் 65 டிகிரியில் நிற்கிறது என்று வையுங்கள். மார்ச், ஏப்ரலில் பாலக்காட்டுப் பக்கம் வெளியே 40 டிகிரியைத் தொடும்; ஏசி இல்லாத அறைக்குள் 36 சாதாரணம். அதே ஃபேன் வேகத்தில் அதே ப்ராசஸர் இங்கே ஏறக்குறைய 79 டிகிரிக்குப் போகும். அறை எத்தனை டிகிரி கூடுகிறதோ அத்தனை டிகிரி உள்ளேயும் கூடும். சூடு ஏறியதும் ஃபேன் தானாக வேகமெடுக்கும். வீடியோவில் அமைதியாக இருந்த பாகம் நம் வீட்டில் இரைவது இதனால்தான்.

பாகம் வாங்கும் முன் ஒரு மத்தியான நேரம் அறையில் வெப்பமானியை வைத்துப் பாருங்கள். 34க்கு மேல் காட்டினால், கீழே நான் சொல்லும் வாட் அளவுகளைத் தாண்டாதீர்கள்.

மானிட்டரையும் இப்போதே முடிவு செய்துவிட வேண்டும். 1080பி மானிட்டருக்கு ஒரு கிராபிக்ஸ் கார்டு, திரையில் புள்ளிகள் அதிகமுள்ள 1440பிக்கு வேறு கார்டு. மானிட்டரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டு, பெரிய கார்டை வாங்கிச் சின்னத் திரையில் ஓட்டுபவர்கள் நிறைய. தேவையில்லாத வாட்டுக்கும் காசு கொடுத்து, அதன் சத்தத்தையும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான். முதல் கம்ப்யூட்டருக்கு 1080பி, 144 அல்லது 165 ஹெர்ட்ஸ் (நொடிக்கு அத்தனை முறை படத்தை மாற்றும்) மானிட்டர் தாராளம்.

2. ப்ராசஸரும் கிராபிக்ஸ் கார்டும்: வாட் கணக்கு

ப்ராசஸரில் ஏஎம்டி ரைசன் 5 7600ஐ முதலில் பாருங்கள். 6 கோர். பெட்டியில் 65 வாட் என்று போட்டிருக்கும். முழு வேலை கொடுத்தால் 88 வாட் வரை எடுக்கும். பக்கத்திலேயே 7600எக்ஸ் என்று ஒன்று இருக்கும், அது 105 வாட் ரகம். கேமில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது, சூட்டில் தெரியும். 7600க்குள்ளேயே சின்னதாக ஒரு கிராபிக்ஸும் இருக்கிறது. கேம் ஆட அது போதாது. ஆனால் கார்டு வர ஒரு வாரம் தாமதமானாலும் மற்றதையெல்லாம் பூட்டிச் சோதிக்க முடியும். இதே வரிசையில் வரும் 7500எஃப் ப்ராசஸரில் இந்த வசதி இல்லை.

இன்டெல் வேண்டுமென்றால் பட்ஜெட் பக்கம் ஐ5 12400எஃப் இன்னும் நல்ல ப்ராசஸர்தான். 65 வாட் ரகம், உச்சத்தில் 117. எஃப் என்று முடிந்தால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது என்று அர்த்தம். கே என்று முடியும் ரகங்களை இந்த வேலைக்கு எடுக்காதீர்கள். ஐ9 14900கே உச்சத்தில் 253 வாட் எடுக்கிறது. அந்தச் சூட்டை நம் ஊர் வெயிலில் சத்தமில்லாமல் வெளியேற்ற வழியே இல்லை.

இனி கிராபிக்ஸ் கார்டு. மொத்தச் சத்தத்தில் பெரும்பங்கு இங்கிருந்துதான் வரும், ஆகவே இதில் நேரம் செலவழியுங்கள். என்விடியா ஆர்டிஎக்ஸ் 5060 எடுப்பது 145 வாட், 5060 டிஐ 180, 5070 என்றால் 250. ஏஎம்டி பக்கம் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி 16 ஜிபி 160 வாட். 1080பிக்கு 5060, 9060 எக்ஸ்டி இரண்டில் ஒன்று போதும். கையில் காசு கொஞ்சம் கூட இருந்தால் நான் 16 ஜிபி 9060 எக்ஸ்டியைத்தான் சொல்வேன். புதிய கேம்களில் 8 ஜிபி இப்போதே சில இடங்களில் முட்டுகிறது.

எந்தச் சிப் என்று முடிவானால் வேலை முடிந்துவிடாது. அதே 5060ஐ ஒற்றை ஃபேன், இரட்டை ஃபேன், மூன்று ஃபேன் என்று பல மாதிரி விற்கிறார்கள். விலை குறைந்த ஒற்றை ஃபேன் கார்டில் 145 வாட்டையும் ஒரு குட்டி ஃபேன் தள்ள வேண்டும். அது கத்தத்தான் செய்யும். தடித்த ஹீட்சிங்க் (சூட்டை உறிஞ்சும் உலோகத் தகடுகள்), பெரிய இரட்டை ஃபேன் அல்லது மூன்று ஃபேன் உள்ள மாதிரிக்கு இரண்டாயிரம், மூவாயிரம் கூடுதலாகக் கேட்டாலும் கொடுங்கள். இந்த மொத்தப் பட்டியலிலேயே அமைதிக்காகத் தரும் பணம் அதிகம் பலன் தருவது இந்த இடத்தில்தான். கேம் ஓடாதபோது ஃபேன் முழுக்க நின்றுவிடும் வசதி இருக்கிறதா என்றும் பாருங்கள். கார்டின் நீளத்தை மில்லிமீட்டரில் குறித்துக்கொள்ளுங்கள், கேபினெட் வாங்கும்போது வேண்டும்.

இன்னொரு சத்தமும் உண்டு. ஃபேன் இல்லாமலே கார்டிலிருந்து மெல்லிசாகக் கீ... என்று கேட்கும். இதைக் காயில் வைன் என்பார்கள். எந்தக் கார்டில் வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. பல கம்பெனிகள் இதைப் பழுதாகவே ஏற்பதில்லை. அதனால் மாற்றித் தரும் கெடு முடிவதற்குள் ராத்திரி சீலிங் ஃபேனை நிறுத்திவிட்டுக் காது கொடுத்துக் கேட்டுவிட வேண்டும்.

3. கேபினெட்: வயர் நுனியைப் பார்க்காமல் வாங்காதீர்கள்

அமைதியான கேபினெட் என்றாலே பஞ்சு ஒட்டி முன்பக்கம் மூடிய பெட்டியைக் காட்டுவார்கள். குளிர் நாட்டுக்கு அது சரி. நமக்கு முன்பக்கம் முழுக்க வலை உள்ள கேபினெட்தான் ஒத்துவரும். காற்று தடையில்லாமல் உள்ளே வந்தால் ஃபேன் நிமிடத்துக்கு 600, 700 சுற்றிலேயே சமாளித்துவிடும். மூடிய பெட்டியில் அதே வேலைக்கு 1,400 சுற்று வேண்டியிருக்கும். ஃபேனின் வேகத்தைப் பாதியாக்கினால் சத்தம் ஏறக்குறைய 15 டெசிபல் குறையும். காதுக்குப் பாதிக்கும் கீழே குறைந்தது போலத் தெரியும். பஞ்சினால் அவ்வளவு குறைக்க முடியாது.

இங்கே நம் கடைகளில் பெரிய பொறி ஒன்று இருக்கிறது. நாலு கலர் லைட் ஃபேனோடு மலிவாக வரும் கேபினெட். பார்க்க ஜொலிக்கும். அந்த ஃபேன்களின் வயர் நுனியை வெளியே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். பெரிய வெள்ளைப் பிளக்கில் நாலு தடித்த உருண்டைப் பின் இருந்தால் அது மோலக்ஸ். எஸ்எம்பிஎஸ்ஸில், அதாவது கம்ப்யூட்டருக்குக் கரண்ட் தரும் பவர் சப்ளை பெட்டியில், நேராகச் செருகுவது. மதர்போர்டால் அதன் வேகத்தைக் கட்டுப்படுத்த முடியாது. சும்மா இணையம் பார்க்கும்போதும் முழு வேகத்தில் இரைந்துகொண்டே இருக்கும். உங்களுக்கு வேண்டியது வரிசையாக நாலு ஓட்டை உள்ள சின்ன, தட்டையான பிளக். பிடபிள்யூஎம் ஃபேன் என்று கேட்டால் கடையில் தெரியும். மூன்று ஓட்டை என்றாலும் பரவாயில்லை, மதர்போர்டு வோல்டேஜைக் குறைத்து வேகத்தை இறக்கும். மோலக்ஸ் மட்டும் வேண்டாம்.

ஃபேன் பெரிதாக இருப்பது நல்லது. 140 மில்லிமீட்டர் ஃபேன், 120 ஃபேன் தள்ளும் அதே காற்றைக் குறைந்த சுற்றில் தள்ளும். லியான் லி லான்கூல் 216இல் முன்னால் இரண்டு 160 மில்லிமீட்டர் ஃபேனும் பின்னால் ஒரு 140ம் கூடவே வருகின்றன. இந்த வேலைக்கு நல்ல பெட்டி. பட்ஜெட் இடிக்கிறதென்றால் ஏதாவது ஒரு வலை முன்பக்கக் கேபினெட்டை வாங்கி, முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று என மூன்று ஃபேன் மாட்டினால் போதும். ஆறு, ஏழு ஃபேன் மாட்டுவதால் நம் வாட் அளவுக்கு எந்தப் பயனும் இல்லை.

முன்பக்கமும் அடியிலும் கழற்றிக் கழுவும் தூசி வலை இருக்கிறதா என்று பாருங்கள். கணவாய்க் காற்று அடிக்கும் மாதங்களில் நம் பக்கத்து வீடுகளுக்குள் எவ்வளவு மண் வருகிறது என்று உங்களுக்கே தெரியும்.

4. கூலர்

7600 பெட்டிக்குள்ளேயே ஒரு கூலர் வரும். வேலை செய்யும், ஆனால் நம் வெயிலில் சத்தம் போடும். தெர்மல்ரைட் பியர்லெஸ் அசாசின் 120 எஸ்இ போன்ற இரட்டைக் கோபுரக் கூலரைப் போட்டால் 88 வாட் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. ஃபேன் சுற்றுவதே தெரியாது. அதன் உயரம் 155 மில்லிமீட்டர். கேபினெட்டின் விவரத்தில் கூலருக்கு 160க்கு மேல் இடம் விட்டிருக்கிறார்களா என்று சரிபாருங்கள். லிக்விட் கூலர் வேண்டாம். அதன் பம்ப் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும், அதற்கென்று தனிச் சத்தமும் உண்டு. 88 வாட்டுக்கு அது தேவையே இல்லை.

5. எஸ்எம்பிஎஸ், எர்த், இன்வெர்ட்டர்

ப்ராசஸர் 88, கார்டு 145 முதல் 160, மற்றவை 60 என்று கூட்டினால் சுமார் 300 வாட். 5060க்கு என்விடியா சொல்லும் எஸ்எம்பிஎஸ் 550 வாட். நீங்கள் 650 வாட் வாங்குங்கள். பாதிப் பளுவில் ஓடும் எஸ்எம்பிஎஸ் சூடாகாது. பளு குறைவாக இருக்கும்போது ஃபேன் நின்றுவிடும் ரகங்களும் இருக்கின்றன. 80 பிளஸ் கோல்ட் முத்திரை (கரண்ட் சூடாக வீணாவது குறைவு என்பதற்கான தரச்சான்று), கழற்றி மாட்டும் கேபிள், 7 முதல் 10 வருட வாரண்டி, இந்த மூன்றும் இருந்தால் நல்லது. கேபினெட்டோடு சேர்த்துத் தள்ளிவிடும் பெயர் தெரியாத எஸ்எம்பிஎஸ்ஸைத் தொடவே தொடாதீர்கள். அது போனால் தனியாகப் போகாது, கார்டையும் கூட்டிக்கொண்டு போகும்.

ஸ்டெபிலைசர் வாங்க வேண்டுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். நல்ல எஸ்எம்பிஎஸ் 100 முதல் 240 வோல்ட் வரை தானே சமாளிக்கும். லேபிளில் அந்த எண்கள் அச்சிட்டிருக்கும், படித்துப் பாருங்கள். ஸ்டெபிலைசருக்கு வைத்திருக்கும் காசில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சோதியுங்கள். பழைய வீடுகளில் மூன்று பின் சாக்கெட் இருக்கும், பின்னால் எர்த் வயர் இருக்காது. கேபினெட்டைத் தொட்டால் சுருசுருவென்று விரலில் ஏறுவது இதனால்தான்.

வீட்டு இன்வெர்ட்டர் ஸ்கொயர் வேவ் ரகம் என்றால் அதில் இந்தக் கம்ப்யூட்டரை ஓட்டாதீர்கள். எஸ்எம்பிஎஸ் உர்ரென்று உறுமும், சிலது அணைந்தே போகும். பியூர் சைன் வேவ் என்றால் பயமில்லை. இன்வெர்ட்டரே இல்லாத வீட்டுக்கு 1000 விஏ யுபிஎஸ் ஒன்று போதும். கரண்ட் போனதும் சேவ் செய்து அணைக்க அது நேரம் தரும்.

இடி மின்னலுக்கு யுபிஎஸ்ஸை நம்பாதீர்கள். சித்திரை, வைகாசியிலும் ஐப்பசியிலும் மத்தியானத்துக்கு மேல் வானம் கறுத்தால் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். ரவுட்டரிலிருந்து வரும் லேன் வயரையும் சேர்த்துக் கழற்ற வேண்டும். பலர் பவர் பிளக்கை மட்டும் எடுத்துவிட்டு லேன் வழியாக மதர்போர்டைப் பறிகொடுக்கிறார்கள்.

6. மதர்போர்டு, ரேம், எஸ்எஸ்டி

இதில் ரொம்ப யோசிக்க ஒன்றுமில்லை. 7600க்கு பி650 அல்லது பி850 சிப்செட், மைக்ரோ ஏடிஎக்ஸ் அளவு. ஃபேன் செருகும் இடம் குறைந்தது நாலு இருக்கட்டும். ரேம் டிடிஆர்5, 6000 வேகம், இரண்டு குச்சியாக. நாலு குச்சி போட்டால் வேகம் குறையும், தகராறும் கூடும். எஸ்எஸ்டி 1 டிபி, மதர்போர்டிலேயே செருகும் எம்.2 ரகம். பழைய ஹார்ட் டிஸ்க்கைத் தூக்கி உள்ளே போட வேண்டாம். மற்றதெல்லாம் அமைதியான பிறகு ராத்திரி கறகறவென்று கேட்பது அது ஒன்றாகத்தான் இருக்கும். பழைய படங்களுக்கு அது வேண்டுமென்றால் யுஎஸ்பி பெட்டியில் வைத்துத் தேவைப்படும்போது மட்டும் செருகுங்கள்.

7. பணம்

மானிட்டர், கீபோர்டு, மவுஸ் இல்லாமல் மேலே சொன்ன பட்டியல் ஒரு லட்சத்தை ஒட்டி வரும் என்று திட்டம் போடுங்கள். அதில் மூன்றில் ஒரு பங்கு கிராபிக்ஸ் கார்டுக்கு. அமைதிக்காகக் கூடுதலாகப் போவது கூலர், நல்ல கேபினெட், கார்டின் பெரிய மாதிரி எல்லாம் சேர்த்துப் பத்தாயிரத்துக்குள் அடங்கும். 2025 கடைசியிலிருந்து ரேம் விலை எகிறிவிட்டது, எஸ்எஸ்டியும் பின்னாலேயே ஏறியது. பழைய வீடியோவில் பார்த்த ரேம் விலையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். வாங்கும் வாரத்தில் இரண்டு கடையில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கை இடித்தால் ரேமை 16 ஜிபியோடு நிறுத்திக்கொள்ளலாம். எஸ்எம்பிஎஸ்ஸில் மட்டும் கை வைக்காதீர்கள்.

நோ காஸ்ட் இஎம்ஐ என்பதில் செலவே இல்லை என்று நினைக்க வேண்டாம். பிராசஸிங் கட்டணம் உண்டு, வட்டிப் பகுதிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டியும் உண்டு. விண்டோஸ் லைசென்ஸையும் கணக்கில் சேருங்கள். சில நூறு ரூபாய்க்கு வரும் கீ பின்னால் செல்லாமல் போகலாம்.

கரண்ட் பில்லும் ஒரு செலவுதான். மானிட்டரோடு சேர்த்து 300 வாட், தினம் மூன்று மணி நேரம் என்றால் மாதம் 27 யூனிட், இரண்டு மாத பில்லில் 54. கேரளத்தில் மாதம் 250 யூனிட்டைத் தாண்டினால் அடுக்கடுக்கான கணக்கு போய், மொத்த யூனிட்டுக்கும் ஒரே உயர்ந்த விலை விழும். ஏற்கெனவே ஏசி ஓடும் வீடு என்றால் பழைய பில்லை எடுத்து வைத்து, அந்தக் கோட்டுக்கு எவ்வளவு தூரத்தில் இருக்கிறீர்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். வாட் குறைந்த பாகம் இங்கேயும் கைகொடுக்கும்.

8. எங்கே வாங்குவது, பில்லில் என்ன இருக்க வேண்டும்

நமக்குக் கோயம்புத்தூர் காந்திபுரம் பக்கம்தான் வசதி. பேசவும் சுலபம், கேபினெட்டைக் கையால் தொட்டுப் பார்க்கலாம். ஆன்லைனில் சில பாகம் குறைவாகக் கிடைக்கும். ப்ராசஸர், எஸ்எஸ்டி போன்ற சின்னப் பெட்டிகளை ஆன்லைனில் வாங்கலாம். கண்ணாடி வைத்த கேபினெட்டையும் கார்டையும் கடையில் வாங்குவதே எனக்குச் சரியாகப் படுகிறது. ஆன்லைன் பார்சல் எதுவானாலும் சீல் உடைக்கும் முன்பிருந்தே ஒரே தொடர்ச்சியாக வீடியோ எடுங்கள். இடையில் நிறுத்தினால் புகார் செய்யும்போது ஏற்க மாட்டார்கள்.

எல்லாவற்றையும் ஒரே வாரத்துக்குள் வாங்கிவிடப் பாருங்கள். இது முக்கியம். பழுதான பாகத்தை உடனே மாற்றித் தரும் கெடு பல இடங்களில் ஏழு நாள்தான். ஓணம் ஆஃபரில் மதர்போர்டு, தீபாவளி ஆஃபரில் கார்டு என்று வாங்கினால், மதர்போர்டு பழுது என்று தெரியவரும்போது கெடு முடிந்து வாரக்கணக்கில் ஆகியிருக்கும். அதற்குப் பிறகு சர்வீஸ் சென்டர் வழியாக அனுப்பிக் காத்திருக்க வேண்டியதுதான்.

இனி பில். கடையை விட்டு இறங்கும் முன் நின்று நிதானமாகப் படியுங்கள்.

ஜிஎஸ்டி பில்லாக இருக்க வேண்டும். எஸ்டிமேட், கொட்டேஷன் என்று தலைப்பிட்ட தாள் பில் ஆகாது. பில் இல்லாமல் வாங்கினால் குறைத்துத் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வரி 18 சதவீதம். உங்கள் கேரள முகவரியைப் போட்டால் ஐஜிஎஸ்டி 18 என்று வரும். முகவரி இல்லாமல் போட்டால் சிஜிஎஸ்டி 9, எஸ்ஜிஎஸ்டி 9 என்று வரும். நீங்கள் கொடுக்கும் தொகை ஒன்றுதான். வெளி மாநில பில் என்பதால் கூடுதலாக ஏதாவது கேட்டால் அது வரி கிடையாது.

ஒவ்வொரு பாகத்துக்கும் நேரே அதன் சீரியல் நம்பர் இருக்க வேண்டும். இதைக் கேட்டால், "அதெதுக்குங்க தம்பி, நம்ம கடைதானுங்களே, எப்ப வேணா வாங்க" என்பார்கள். நல்ல மனசோடு சொல்வதாகவே இருக்கட்டும். "இருக்கட்டுங்கண்ணா, நாங்க தூரத்துலருந்து வர்றோம், போட்டுக் கொடுத்திருங்க" என்று நின்றுவிடுங்கள். எனக்குத் தெரிந்த ஒருவருக்குச் சீரியல் நம்பர் இல்லாத பில்லால், இந்தக் கார்டு எங்களிடம் வாங்கியதே இல்லை என்று ஒரு கடையில் சொல்லிவிட்டார்கள். அவரால் மறுபேச்சு பேச முடியவில்லை. பெட்டியில் இருக்கும் சீரியல், கார்டின் மேலேயே ஒட்டியிருக்கும் சீரியல், பில்லில் இருக்கும் சீரியல் மூன்றும் ஒன்றா என்று கடையிலேயே ஒத்துப் பாருங்கள்.

ப்ராசஸர் கம்பெனி பெட்டியில் சீலோடு வருகிறதா என்று கவனியுங்கள். ட்ரே என்று சொல்லித் தனியாகத் தருவது மலிவாக இருக்கும், ஆனால் அதற்குக் கம்பெனியின் பெட்டி வாரண்டி கிடையாது, கடை தரும் வாரண்டி மட்டும்தான். பெட்டியில் வரும் ப்ராசஸருக்கு மூன்று வருடம். கடைசியாக ஒரு கேள்வியையும் கேட்டுவிடுங்கள்: வாரண்டிக்கு உங்களிடம் கொண்டுவர வேண்டுமா, நேராக சர்வீஸ் சென்டருக்கா, அது கோயம்புத்தூரிலா கொச்சியிலா? பதிலைப் பில்லின் பின்னாலேயே எழுதி வாங்குங்கள்.

பொருளின் மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டி மாநில எல்லையைக் கடக்கிறதென்றால் இ-வே பில் (பொருளை எடுத்துச் செல்வதற்கான ஜிஎஸ்டி மின்-ஆவணம்) வேண்டும். கடைக்காரரே போர்ட்டலில் போட்டுத் தருவார். உங்கள் வண்டி நம்பரைக் கேட்பார், காரில் போகிறவர்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வாளையாறு வழியோ வேலந்தாவளம் வழியோ, நிறுத்திக் கேட்டால் பில்லும் அதுவும் கையில் இருந்தால் இரண்டு நிமிடத்தில் வேலை முடியும்.

பஸ்ஸில்தான் திரும்புகிறீர்கள் என்றால் உக்கடத்தில் சாயங்காலக் கூட்டத்துக்கு முன்பே ஏறிவிடுங்கள். கேபினெட் பெட்டியைப் படுக்க வைக்காதீர்கள், கண்ணாடிப் பக்கம் சீட்டை ஒட்டி நிற்கட்டும். கார்டையும் மதர்போர்டையும் மடியிலேயே வைத்துக்கொள்ளலாம்.

9. பூட்டும் நாள்

ஒரு முழு விடுமுறை நாளை ஒதுக்குங்கள். பூட்டும் முறைக்கு நல்ல வீடியோக்கள் ஏராளமாக இருக்கின்றன. புதியவர்கள் திணறும் இடங்களை மட்டும் சொல்கிறேன். கூலரின் அடியில் ஒட்டியிருக்கும் கண்ணாடித் தாளை உரித்தீர்களா என்று பாருங்கள். மதர்போர்டின் மேல் மூலையில் ப்ராசஸருக்கான 8 பின் கேபிளைச் செருகாமல் விட்டால் எதுவும் ஓடாது. எச்டிஎம்ஐ வயரைக் கார்டில் செருகுங்கள், மதர்போர்டில் அல்ல.

முதல் முறை ஆன் செய்ததும் திரை கறுப்பாகவே இருந்தால் பதறாதீர்கள். டிடிஆர்5 ரேமை மதர்போர்டு பழக்கிக்கொள்ள நேரமெடுக்கும். சில நிமிடங்கள், சில சமயம் பத்து நிமிடம் வரைகூட ஆகலாம். இந்த நேரத்தில் ஸ்விட்சை அணைத்து அணைத்துப் போடுவதுதான் தப்பு. ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். அப்புறம் பயோஸுக்குள் (மதர்போர்டின் செட்டிங் திரை) போய் எக்ஸ்போவை (ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் செட்டிங்) ஆன் செய்யுங்கள், இல்லையென்றால் 6000 ரேம் குறைந்த வேகத்திலேயே ஓடும்.

10. சத்தத்தை இறக்கும் செட்டிங்

பாகங்களைச் சரியாக வாங்கிவிட்டால் இந்தப் படிக்குக் காசே ஆகாது. ஆனால் இதைச் செய்யாமல் விட்டால் வாங்கியதில் பாதி வீண்.

முதலில் எஃப்பிஎஸ்ஸை, அதாவது கார்டு நொடிக்கு வரையும் படங்களின் எண்ணிக்கையை, கட்டுங்கள். மானிட்டர் 144 ஹெர்ட்ஸ் என்றால், கேம் 230 எஃப்பிஎஸ் ஓடினாலும் உங்கள் கண்ணுக்கு வருவது 144தான். மீதியெல்லாம் வெறும் சூடு. கார்டின் டிரைவர் மென்பொருளிலேயே 140 என்று உச்சவரம்பு வைத்துவிடுங்கள். பழைய கேம்களில் கார்டின் வாட் கணிசமாக இறங்கும், ஃபேன் உடனே அடங்குவது காதிலேயே தெரியும். காயில் வைன் இருந்தால் அதுவும் பெரும்பாலும் இதிலேயே குறைந்துவிடும்.

அடுத்தது கார்டின் பவர் லிமிட். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் இலவசம், எந்தக் கம்பெனிக் கார்டுக்கும் வேலை செய்யும். பவரை 85 சதவீதத்துக்கு இறக்கிப் பாருங்கள். வேகம் கொஞ்சம்தான் குறையும், சூடு நன்றாகவே குறையும். உங்கள் கார்டு அவ்வளவு இறக்க விடாவிட்டால் விடும் அளவுக்கு இறக்குங்கள்.

அப்புறம் கேபினெட் ஃபேன்கள். மதர்போர்டு இவற்றைப் ப்ராசஸர் சூட்டைப் பார்த்து ஓட்டும். ப்ராசஸர் சூடு ஒரு நொடியில் ஏறி இறங்கும், ஆகவே ஃபேனும் ஊய்... ஊய்... என்று ஏறி இறங்கும். ஒரே சீரான இரைச்சலைவிட இதுதான் தூங்குபவரை எழுப்பும். பயோஸில் ஃபேன் கர்வ் (எந்தச் சூட்டுக்கு எவ்வளவு வேகம் என்ற கோடு) இருக்கும் இடத்திலேயே வேகம் மாறத் தாமதம் வைக்கும் வசதி இருக்கும், சில நொடிகள் கொடுங்கள். 60 டிகிரி வரை 600 சுற்று, 75 டிகிரியில் 900 என்று கோட்டை வரையுங்கள். கார்டின் சூட்டைப் பார்த்துக் கேபினெட் ஃபேன் ஓட வேண்டுமென்றால் ஃபேன் கண்ட்ரோல் என்ற இலவச மென்பொருள் விண்டோஸில் அதைச் செய்யும்.

இதெல்லாம் செய்தும் ஏதோ ஒரு டரடர சத்தம் இருந்தால் பக்கக் கதவைத் திறந்து, ஒவ்வொரு ஃபேனின் நடுவிலும் விரல் நுனியை மெல்ல வைத்து நிறுத்தி நிறுத்திக் கேளுங்கள். கார்டு ஃபேனில் மட்டும் இதைச் செய்யாதீர்கள். பெரும்பாலும் ஏதாவது ஒரு மெல்லிய வயர் இறக்கையில் உரசிக்கொண்டிருக்கும், அல்லது தூசி வலை சரியாக அமராமல் அதிரும். ஒரு கேபிள் டை போட்டால் போதும். பெட்டியை மேசை மேலே பலகையில் வைக்காமல் கீழே ரப்பர் பாய் போட்டு வைத்தால் அதிர்வு பரவாது. சுவரிலிருந்து பின்பக்கம் ஒரு சாண் தள்ளியே இருக்கட்டும்.

இந்தச் சோதனைகளை எல்லாம் வாங்கிய ஏழு நாளுக்குள் முடித்துவிடுங்கள். மத்தியான வெயிலில் இரண்டு மணி நேரம் தொடர்ந்து ஆடி, கார்டு 80 டிகிரியைத் தாண்டாமல் நிற்கிறதா, ஸ்கிரீன் எங்கேயாவது கறுத்துப் போகிறதா என்று பாருங்கள். பில்லையும் சீரியல் நம்பர்களையும் போட்டோ எடுத்து மெயிலில் உங்களுக்கே அனுப்பி வையுங்கள். ஒரு வருடத்தில் பில்லின் எழுத்து மங்கிவிடும். பெட்டிகளைக் குறைந்தது கார்டுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸுக்குமாவது பரணில் பத்திரப்படுத்துங்கள், வாரண்டிக்கு அனுப்பும்போது அவை வேண்டியிருக்கும். தூசி வலையை மாதம் ஒருமுறை கழற்றிக் கழுவுங்கள். காற்று மாதங்களில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. நன்றாக உலர்ந்த பிறகுதான் திரும்ப மாட்ட வேண்டும்.